ஆணி இல்லாத பெட்டி

இன்றைக்கு எந்தக் கடைக்குப் போனாலும் அட்டைப்பெட்டிதான். சோப்பிலிருந்து குளிர்பெட்டி வரை அதில்தான் வந்து இறங்குகிறது. சுற்றுச்சூழலுக்கு உகந்தது, மறுபடி காகிதமாகும் என்று அதன் மேலேயே அச்சடித்து வேறு விடுகிறார்கள். அந்தப் பெட்டி திருச்சிக்கு வந்த புதிதில் வேண்டாம் என்று சொன்ன மகா புத்திசாலிகளில் நானும் ஒருவன்.

அறுபதுகளின் தொடக்கம். பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், தலைவலித் தைலம் காய்ச்சிக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து விற்கும் கம்பெனியில் எனக்கு வேலை. ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் காவிரிப் பாலம் தாண்டி வருவேன். சரக்கை ரயிலில் அனுப்புவது என் பொறுப்பு. குப்பிகளை வைக்கோலில் பொதிந்து கள்ளிப்பெட்டியில் அடுக்கி, பலகை மூடியில் ஆணி அடித்து, தகரப் பட்டை கட்டி அனுப்புவோம். அடுக்குவதும் அடிப்பதும் பாய். பாலக்கரைக்காரர், நாற்பது வயதிருக்கும், மூன்று பிள்ளைகள். அவர் கட்டிய பெட்டியில் குப்பி உடைந்ததாக ஒரு புகார் வந்து நான் பார்த்ததில்லை.

காலிப்பெட்டிகளை ஊர் ஊராகக் கடைக்காரர்களிடமிருந்து திரும்ப வரவழைப்பது என் ஏற்பாடு. ஒரே பெட்டி பத்துத் தடவை போய் வரும். முதலாளி நாலு பேர் முன்னால் இதைச் சொல்லி மெச்சுவார். எனக்குத் தலைகால் புரியாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் பழைய ஆணியைப் பிடுங்கிவிட்டுப் புது ஆணி அடிக்க வேண்டும். பிடுங்கியதில் பாதி வைக்கோலுக்குள் விழுந்து மறைந்துவிடும். சரக்குக் கட்டும் கொட்டகையிலேயே முதலாளி லட்சுமி படத்தை மாட்டி விளக்கேற்றி வைத்திருந்ததால் உள்ளே யாரும் செருப்புப் போடக் கூடாது. பாயும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் வருவார். மாதத்தில் இரண்டு தடவையாவது காலில் ஆணி ஏறும். பிடுங்கி எறிந்து, மண்ணெண்ணெய் தடவி, துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிடுவார்.

அப்போதுதான் மெட்ராஸிலிருந்து ஒருவர் மாதிரிக்கு ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். இரண்டு தாளுக்கு நடுவே அலை அலையாக மடித்த இன்னொரு தாள். வைக்கோல் கூழும் பழைய காகிதமும் சேர்த்துச் செய்தது, கிழிந்தால் ஆலைக்கே போய் மறுபடி அட்டையாகிவிடும், எடையும் கம்மி என்றார். முதலாளி, "நீயே பாத்து சொல்லுப்பா" என்று என்னிடம் விட்டுவிட்டார்.

பாய் அந்தப் பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரங்களை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"சார், இதுல ஒரு ஆணி கூட இல்லைங்க. வெறும் பசையும் காகிதப் பட்டையுந்தான்."

"என்ன பாய், மாப்பிள்ளை பாக்குற மாதிரி பாக்குறீங்க?"

"ஆமா சார். நல்ல இடம். முடிச்சிருங்க."

நான் முடிக்கவில்லை. சோதனை என்று சொல்லி அந்தப் பெட்டியை ஐப்பசி மழையில் முற்றத்தில் போட்டு வைத்தேன். மறுநாள் காலையில் அது கூழாகக் கிடந்தது. "பாய், உங்க மாப்பிள்ளை குளிச்சிட்டு வந்திருக்காரு பாருங்க" என்று தூக்கிக் காட்டிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நம்ம சரக்கு மூடின வேகன்லதானே போகுது சார்? மழையில யாரு போடப்போறா?"

அவர் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். கள்ளிப்பெட்டி நனைந்தாலும் உள்ளே லேபிளெல்லாம் ஊறித்தான் போகும். ஆனால் அட்டைப்பெட்டி வந்துவிட்டால் காலிப்பெட்டி வரவழைக்கும் என் ஏற்பாடு எதற்கு? முதலாளி என்னை மெச்ச வேறு ஒன்றும் இல்லை. காரணம் அவ்வளவுதான், அதற்கு மேல் பெரிதாக எதுவும் கிடையாது. 'நம் சரக்குக்குச் சரிப்படாது' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அதைப் பாயின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. "முதலாளிகிட்ட சொல்லியிருக்கேன் பாய், யோசிக்கிறாரு" என்றேன். அதற்குப் பிறகு வாராவாரம் கேட்பார். வாராவாரம் அதே பதிலைச் சொல்வேன். "விட்றாதீங்க சார், கேட்டுக்கிட்டே இருங்க" என்பார்.

தை மாதம், திரும்பி வந்த ஒரு பெட்டியைப் பிரிக்கும்போது துருப்பிடித்த ஆணி ஒன்று அவர் குதிகாலில் ஆழமாக இறங்கிவிட்டது. வழக்கம்போல மண்ணெண்ணெய், துணி. போய் ஊசி போட்டுக்கொண்டு வாருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சரக்கை ஸ்டேஷனுக்கு அனுப்பும் அவசரம். சொல்லவில்லை.

எட்டாம் நாள் காலையில் டீக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்க வரவில்லை என்று சைகை காட்டினார். பல்வலி என்று நினைத்தோம். எங்கள் தைலத்தையே ஒரு குப்பி உடைத்து, நானும் இன்னொருவரும் மாறி மாறி அவர் தாடையில் தேய்த்துவிட்டோம். சாயங்காலம் வரை தேய்த்தோம். மறுநாள் அவர் உடம்பு வில்லாக வளைந்தது. ஆஸ்பத்திரியில் ரண ஜன்னி, ஆணிக் காயத்தால் வந்த டெட்டனஸ் என்றார்கள்.

வெளிச்சமும் சத்தமும் பட்டால் ஜன்னி இழுக்கும் என்று ஜன்னல்களை மூடி வைத்திருந்தார்கள். நான் அறை வாசலில் நின்றேன். அவர் கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. பேச்சுக் கொடுக்காதீர்கள் என்று நர்ஸ் சொன்னார். எனக்கு அது வசதியாக இருந்தது. இதையும் எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய். மூன்றாம் நாள் அவர் இறந்துவிட்டார்.

மாசிக் கடைசியில் முதலாளி மெட்ராஸ் போய்விட்டு வந்தார். "ஊரே அட்டைப்பெட்டிக்கு மாறிடுச்சு, நாம மட்டும் என்னப்பா?" என்றார். நான் எழுதிக் கொடுத்தது அவருக்கு நினைவே இல்லை. "மாறிடலாங்க" என்றேன். பங்குனியில் கட்டுக் கட்டாக வந்து இறங்கின. கொட்டகையில் வைக்கோலும் இல்லை, ஆணியும் இல்லை. தெரு மாடு வந்து அட்டையைத் தின்னாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் தொல்லை. குப்பி ஒன்றுகூட உடையவில்லை. ஒன்றாவது உடையாதா என்று நான் காத்திருந்தேன்.

கணவர் இறந்தபின் வெளியே வராமல் இருக்கும் இத்தாக் காலம் நாலு மாதம் பத்து நாள். அது முடிந்ததும் பாயின் மனைவி தன் தம்பியோடு கொட்டகைக்கு வந்தார். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வாசலிலேயே நின்றார். அக்காவும் பிள்ளைகளும் மருங்காபுரியில் தன் வீட்டோடு வந்து இருக்கப்போவதாகத் தம்பி சொன்னார். பாத்திரம் பண்டம் வைக்க நாலு பெட்டி கிடைக்குமா என்று கேட்டார். நானே போய் நல்லதாக நாலு எடுத்து வந்தேன். அந்தம்மா ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இதுதானா அண்ணே அது?"

"ஆமாம்மா."

"வீட்டுல எப்பவும் இந்தப் பேச்சுத்தான். சார் எனக்காக மொதலாளிகிட்ட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காரு, இன்னும் கொஞ்ச நாள்ல வந்துரும்னு சொல்லுவாங்க. தொழுதுட்டு எங்களுக்குக் கேக்கும்போது உங்களுக்கும் சேத்துத்தான் துவா கேப்பாங்க."

அந்தம்மா பெட்டியைத் தம்பியிடம் கொடுத்தார்.

"விடாம பேசி வாங்கிட்டீங்க. அவங்களுக்குத்தான் குடுத்து வைக்கல. நீங்க நல்லா இருக்கணும் அண்ணே."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "பாத்துப் போங்கம்மா" என்றுதான் சொன்னேன். தம்பி பெட்டிகளை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நடந்து போனார்கள்.

எனக்கு எண்பது தாண்டிவிட்டது. சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, பல் கூட முக்கால்வாசி இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறேன்.