வல்லூறுக்கு ஒரு வீடு

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையில் ஒரு ஜமீன் பங்களா இருந்தது. 1930களில் நான் அதற்கு மேற்பார்வையாளன். ஒரு சாரல் பருவத்தில், ஜமீன்தாரின் வேட்டை வல்லூறுக்குக் கூண்டு கட்டும்படி உத்தரவு வந்தது. கூடவே அதை வளர்ப்பவரும் வந்து சேர்ந்தார். ஒல்லியான ஆள், இடது முன்கை முழுக்க நகம் கீறிய தழும்புகள்.

நான் கம்பி வலை அடித்தேன். "இறகு ஒடிஞ்சிரும் அண்ணாச்சி" என்று பிரிக்கச் சொன்னார். மூங்கில் வைத்தேன். ஒவ்வோர் இடுக்கிலும் கையை விட்டுப் பார்த்து, "குரங்கு கை நுழையுமே" என்றார். நெருக்கி அடித்தேன். பிறகு, கதவுக்குள் இன்னொரு கதவு வேண்டுமென்றார்.

"இது என்ன வே, கஜானாவா?"

"ஒண்ணைத் திறக்கையில இன்னொண்ணு மூடியிருக்கணும். வெளிய போயிட்டா இந்த மலையில எங்கன போய்த் தேட?"

அதையும் செய்தேன். அப்போதும் கூரையை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"நீரே உள்ள இருந்து பாரும்!" என்று கத்திவிட்டேன்.

மனுஷன் நிஜமாகவே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். பகலெல்லாம் சாரல். சாயங்காலம் வெளியே வந்து, நனைந்த தோளைக் காட்டி, "அந்த மூலை ஒழுகுது" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு ஓலையை மாற்றினேன்.

மறுநாள் பறவை வந்தது. புறா அளவுதான் இருந்தது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவருக்கென்று பின்கட்டில் ஓர் அறை ஒழித்து வைத்திருந்தேன். அவரோ கூண்டுக்கு வெளியே ஈரத்தரையில் சாக்கை விரித்தார். "அங்கன படுத்தா இது சத்தம் கொடுக்கது கேக்காதுல்லா?"

திட்டத்தான் வாயெடுத்தேன். கடைசியில் என் குடையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை விரித்து, கூண்டில் சாரல் அடிக்கும் பக்கமாகக் கட்டிவைத்துவிட்டு, நனைந்துகொண்டே படுத்தார்.

அந்த ஆளை என்னதான் செய்வது?