காலி வீட்டுக் குடங்கள்

வாக்காளர் பட்டியலுக்காக வீடு வீடாகப் போகிறவர்களுக்கு நடப்பதில் பெரிய வலி இல்லை. அழைப்பு மணியை அழுத்திவிட்டுக் காத்து நிற்கும் அந்த நிமிடம்தான் வலி.

நான் அங்கன்வாடிப் பணியாளர். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கூச்ச சுபாவம். ஆனால் தலையை எண்ணுவதில் மட்டும் தவற மாட்டேன். பிள்ளை ஒன்று விட்டுப்போனால் மத்தியானம் முட்டைக் கணக்கு உதைக்கும். அதனால்தானோ என்னவோ இந்த வேலையையும் என் தலையில் கட்டினார்கள். நீங்களும் இந்தப் படிவப் பையைச் சுமந்தவர் என்றால் நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

பூட்டிய கதவு

பூட்டிய வீட்டுக்கு மூன்று முறை போகவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். மனசு கேட்காமல் நான் நாலாவது முறையும் போவேன். கொப்பரை வியாபாரி ஒருவர் வீடு அப்படித்தான். எப்போது போனாலும் பொள்ளாச்சி போயிருப்பார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தார். எதற்கு இத்தனை தடவை அலைகிறேன் என்பதைச் சொன்னேன். வாயைக் கொப்பளித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"நானு ஓட்டே போடறதில்லீங்க. பேரை மட்டும் எடுத்துப்போடாதீங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்."

நாலாவது கதவு

அதே வாரம் மும்தாஜ் அங்கன்வாடிக்கு வந்தாள். எங்கள் பகுதியின் கடைசித் தெருவில் ஒரு லைன் வீடு. ஆறு கதவு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். அதில் நாலாவது கதவு அவளுடையது. வீட்டிலேயே துணி தைக்கிறாள். புருஷனுக்குப் பீரோ பட்டறையில் வெல்டிங் வேலை.

கல்யாணமானதிலிருந்து அவர்கள் வீடு மாறிக்கொண்டே இருக்கிறார்கள். மாறியதும் பழைய தெருப் பட்டியலிலிருந்து அவள் பேர் நீங்கிவிடுகிறது. புதுத் தெருவில் சேர்வதற்குள் அடுத்த வீடு. ஆள் வீடு மாறும்போது பேரையும் கூடவே மாற்ற ஒரு படிவம் இருக்கிறது. அதை அவளிடம் யாரும் சொன்னதில்லை. போன தேர்தலில் வெயிலில் வரிசையில் நின்று, பேர் இல்லை என்று திரும்பியிருக்கிறாள். இந்தத் தடவையாவது போட்டுவிட வேண்டும் என்று விண்ணப்பத்தை நீட்டினாள்.

"பொறந்தது இந்த ஊருங்க டீச்சர், பொழைக்கிறதும் இந்த ஊருங்க. ஓட்டன்னைக்கு மட்டும் என்னைய ஊர்லயே காணோம்ங்கறாங்க."

மோர்

முகவரிக்கு அவளிடம் காகிதம் எதுவும் இல்லை. நான் நேரில் பார்த்து, குடியிருக்கிறாள் என்று எழுதினால்தான் உண்டு. போன அன்று நாலாவது கதவு பூட்டியிருந்தது. தைத்த துணியைக் கொடுக்கப் போயிருந்தாள். முன்வீட்டில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். தாராபுரம் பக்கம் தோட்டம் உள்ளவர், மரியாதையான மனுஷர். நாலாவது வீட்டில் யாரும் குடியில்லை என்றார்.

பட்டியலில் பேர் வந்தால் வீடு சொந்தமாகிவிடாது, உங்கள் கையெழுத்துகூட வேண்டாம் என்று எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அவர் சொம்பை என் பக்கம் நகர்த்தினார்.

"பேரைச் சேர்த்தா நாளைக்கு ஊட்டையும் சேர்த்துக் கேப்பாங்க, அம்மணி. காலீன்னே எழுதிக்கோங்க. மொதல்ல மோரைக் குடிங்க."

குழாயடி

அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம். ஆனால் அவர்களும் அவருடைய குடித்தனக்காரர்கள்தானே? கேட்டால் எல்லோரும் அடுப்பில் வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார்கள்.

தண்ணீர் வருகிற நாளன்று மறுபடியும் போனேன். கதவு வரிசைப்படிதான் அங்கே குடம் வைப்பார்கள். மூன்றாவது வீட்டுக் குடங்களுக்கும் ஐந்தாவது வீட்டுக் குடங்களுக்கும் நடுவில் பச்சைக் குடங்கள் இருந்தன. அவை யாருடையவை என்று ஐந்தாவது வீட்டு அம்மாவைக் கேட்டேன். "நாலாவது ஊட்டுதுங்க. தையக்கார அம்மணி இப்ப வந்துரும். மொறைய மாத்துனா சண்டைக்கு வரும்" என்றார். நான் பேனாவை எடுத்ததைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏனுங்க, நானு ஆளைப் பத்தி ஒண்ணுஞ் சொல்லலீங்க. கொடத்தைப் பத்தித்தான் சொன்னேன்."

சொன்னபடியே மும்தாஜ் வந்தாள். குடியிருக்கிறாள் என்று எழுதிக்கொண்டேன்.

இரண்டு பஸ்

பேர் வந்தது. தேர்தல் அன்று வாக்குச்சாவடிக்கு வெளியே உதவி மேஜையில் இருந்தேன். மும்தாஜ் வியர்த்து விறுவிறுத்து வந்தாள். பட்டியல் வெளியானதுமே வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். இப்போது இருக்கும் இடத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். வரிசையில் அவளுக்கு முன்னால் அந்தப் பழைய வீட்டுக்காரரே நின்றார். திரும்பி, "புது ஊடு சௌகரியமுங்களா?" என்று அக்கறையாகக் கேட்டார். அவளும் "சௌகரியந்தானுங்க" என்றாள்.

வெளியே வந்ததும் மை வைத்த விரலை என்னிடம் காட்டினாள். காய்ந்துவிட்டதா என்று ஊதிப் பார்த்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு. புது வீட்டில் பேரை மாற்றப் படிவம் தரட்டுமா என்றேன்.

"இப்ப வேண்டாமுங்க டீச்சர். பேரு கீரு சேர்க்க மாட்டீங்கல்லன்னு கேட்டுப்போட்டுத்தான் புது ஊட்டுக்காரரு சாவியே குடுத்தாரு."

ஓட்டு ஆளுக்குத்தான் என்று பயிற்சியில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தெருவில் பார்த்தால் அது கதவுக்குத்தான் இருக்கிறது, ஆள்தான் அதன் பின்னால் பஸ் ஏறி வரவேண்டியிருக்கிறது.