அன்பிலில் நிற்காத வேன்

போன மாசி வரை ஸ்ரீரங்கத்தில் ஒரு பேச்சு உலவிக்கொண்டிருந்தது. எடமலைப்பட்டி புதூர் முருகானந்தம் குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கரைவெட்டி ஏரிக்குப் பறவை காட்ட வேனில் ஆள் கூட்டிப் போகிறாரே, அந்த வேனில் போன ஒருத்தர்கூட வரித்தலை வாத்தைக் கண்ணால் பார்த்ததில்லை என்பதுதான் அது. இமயமலையைத் தாண்டி வந்து அரியலூர்ப் பக்கத்து ஏரியில் இறங்குகிற வாத்து. அதற்காகத்தான் கூட்டமே கிளம்புகிறது. அதுவும் அங்கே வருகிறது, இவர்களும் அங்கே போகிறார்கள், இரு தரப்பும் சந்தித்துக்கொண்டதாக மட்டும் தகவல் இல்லை.

ஊர்ப் பேச்சை அப்படியே நம்பிவிடக் கூடாது. விசாரித்துவிட்டு நம்பலாம். வடக்குச் சித்திரை வீதி ரெங்கம்மாள் மாமி அந்த வேனின் நிரந்தரப் பயணி. முன் சீட்டு அவருக்கு எழுதி வைத்தது. வாத்தைப் பார்த்தீர்களா என்றதற்கு, வெள்ளை வெளேரென்று ஹம்ஸம் மாதிரி இருந்தது என்று தயங்காமல் சொன்னார். எங்கே என்று கேட்டதில், திருமழபாடியில் ஒரு வீட்டு வாசலில் என்று தெரியவந்தது. புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஜாஸ்லின், நடுத்தண்ணீரில் கடுகு கொட்டினாற்போல ஏதோ தெரிந்தது, அதுதான் வாத்து என்று முருகானந்தம் அண்ணன் சொன்னார், நானும் சரி என்றேன் என்றார். வேன் ஓட்டும் மருதை சிரித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

ஆக, பேச்சு ஏறக்குறைய உண்மை. ஆனால் குற்றம் வாத்தின் மேலும் இல்லை, முருகானந்தத்தின் மேலும் இல்லை. வழியின் மேல்.

கொள்ளிடத்தைத் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட் வந்ததும் வேனில் ஒரு கொட்டாவி கிளம்பும். லால்குடி வந்ததும் அது காபியாக மாறும். காபி என்றால் காபி மட்டும் இல்லை, கூட இட்லி, இட்லிக்குப் பின் இன்னொரு காபி. அதை முடித்துவிட்டு அன்பில். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று வழியில் உட்கார்ந்திருக்கும்போது ஸ்ரீரங்கத்துக்காரர்களை ஏற்றிய வண்டி அதை எப்படித் தாண்டும்? நடை திறக்கவில்லை என்றால் திறக்கும் வரை நிற்கும். வடிவழகிய நம்பியைச் சேவித்துவிட்டு வந்தால், சிவன் கோயில்காரர்கள் எங்களுக்கு மட்டும் என்ன என்று திருமழபாடியில் இறங்குவார்கள். கரைவெட்டிக் கரையில் வேன் நிற்கும்போது வெயில் உச்சந்தலையில் இருக்கும். விடியலில் கரையோரம் ஒதுங்கியிருந்த வாத்துகள், அதற்குள் நடு ஏரிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். பறவை பார்க்கக் கிளம்பி, பெருமாளையும் ஈசுவரனையும் பார்த்துவிட்டு, பறவைக்கு மட்டும் தாமதமாகப் போய்ச் சேருகிற சுற்றுலா உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும்.

முருகானந்தம் இதற்காகச் சண்டை போட்டதில்லை. பொன்மலை ஒர்க்ஷாப்பில் பெயின்ட் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரயில் பெட்டிக்குப் பூசிய பெயின்ட் காய்வதற்குக் காத்திருந்தே பொறுமை வந்துவிட்டது என்பார். அவருக்கு வேண்டியது வேனில் மைக் பிடிக்கிற நேரம். லால்குடி தாண்டியதும் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பார்.

கல்யாணமான புதிது. பொன்மலை குவார்ட்டர்ஸ். வாரம் முழுக்க ஒர்க்ஷாப் சங்கு ஊதுவதும் சைக்கிள்கள் சாரிசாரியாக வாசலில் நுழைவதுமாக இருக்கும் தெரு, ஞாயிறு விடியலில் மூச்சே விடாது. தெரு எழுந்துவிடக் கூடாதென்று ஸ்கூட்டரை முனை வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்வார். பின்னால் மனைவி வேணி, மடியில் புளிசோற்றுத் தூக்கு. லால்குடி தாண்டினால் ரோட்டின் இரு பக்கமும் பனி மூடிய வயல். ஏரிக்கரையில் ஸ்கூட்டரைச் சாய்த்தால் கண்ணெட்டும் தூரத்தில் வாத்துக் கூட்டம். வெள்ளைத் தலை, பின்னந்தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. "நானும் எங்க வீட்டம்மாவும் பக்கத்துல பக்கத்துல நின்னு பாத்தோம். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கலை" என்று முடிக்கும்போது குரல் கொஞ்சம் இறங்கும். வேனும் கொஞ்சம் அமைதியாகும். வாத்தைப் பார்க்காமலே ஜனங்கள் திருப்தியாக வீடு திரும்பியதற்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

அப்படிக் குரலை இறக்கிச் சொல்வதைக் கேட்டுப் பல பேர் வேணி காலமாகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவசரப்பட வேண்டாம். வேணி பெங்களூரில் இருக்கிறார். மகளுக்குப் பிரசவம் பார்க்க மூன்று மாதம் என்று போனவர். குழந்தை தவழட்டும், நடக்கட்டும், பேசட்டும் என்று தங்கி, அது நன்றாகப் பேசத் தொடங்கிய சமயத்தில் இரண்டாவது பிறந்துவிட்டது. புதூர் வீட்டில் முருகானந்தம் தனியாகச் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டு நான்கு வருஷம் ஆகிறது.

போன தை மாதம் ஜாஸ்லின் அந்த மைக் பேச்சை செல்போனில் பிடித்து வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். அது கைமாறிக் கைமாறி பெங்களூர் போயிற்று. அன்று மாலை வேணி கூப்பிட்டார். பேரன் சாப்பிட்டதையும் சாப்பிடாததையும் சொல்லி முடித்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஏங்க, நான் எப்பங்க அந்த வாத்தைப் பாத்தேன்?"

முருகானந்தம் சிரித்தார். மறந்துட்டியா என்றார்.

"நீங்கதான் பைனாகுலரைத் தூக்கிக்கிட்டுக் கரை மேலயே போயிடுவீங்க. நான் சோத்துத் தூக்குக்கிட்ட உக்காந்து எறும்பு வெரட்டிக்கிட்டு இருப்பேன். நீங்க வந்து அழகா இருந்துச்சும்பீங்க. நான் ம்ம்பேன்."

இதில் கோபம் இருந்திருந்தால் முருகானந்தம் சமாளித்திருப்பார். இல்லை. கணக்கை நேர் செய்கிற தொனிதான் இருந்தது. போனை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்து அந்த ஞாயிறுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பனி இருந்தது, வயல் இருந்தது, வாத்து இருந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தால், வேணி நின்ற இடத்தில் யாரையும் காணவில்லை. தூரத்தில் ஒரு புளிய மரத்தடியில் முதுகு மட்டும் தெரிந்தது.

மாசியில் ஒரு காதுகுத்துக்காக வேணி திருச்சி வந்தார். ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு, திங்கட்கிழமை ரயில். வாத்துகளும் மூட்டை கட்டுகிற சமயம். அந்த சீசனுக்கு அதுதான் கடைசி வேன். வேணியைக் கூட வரச் சொன்ன முருகானந்தம், மருதையைத் தனியாக அழைத்து, இன்றைக்கு ஏரி வரும் வரை பிரேக்கில் கால் வைக்கக் கூடாது என்றார்.

"மாமி இருக்காங்களேண்ணே" என்றார் மருதை.

"நான் பாத்துக்கிறேன்."

வழக்கத்துக்கு முன்பே, வேணி கிளறிய புளிசோற்று அண்டாவையும் ஏற்றிக்கொண்டு, இருட்டோடு கிளம்பினார்கள். லால்குடி காபிக் கடைக்காரர் வேனைப் பார்த்ததும் பழக்கத்தில் டம்ளர்களை வரிசையாக வைத்தார். வேன் அவரைத் தாண்டிப் போயிற்று. உள்ளே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அன்பில் கோபுரம் தெரிந்ததும் மாமி செருப்பைக் கழற்றித் தயாரானார். வேன் அதையும் தாண்டியபோது முணுமுணுப்பு நின்றுவிட்டது. அதுதான் பயமாக இருந்தது.

"முருகானந்தம், அன்பில் போயிடுத்து" என்றார் மாமி.

நடை இன்னும் திறந்திருக்காது, திரும்பும்போது கண்டிப்பாக நிறுத்துகிறேன் என்றார் முருகானந்தம்.

"பெருமாள் என்ன பஸ் ஸ்டாண்டா, திரும்பறச்சே பாத்துக்கலாங்கறதுக்கு? எழுந்தருளியிருக்கற ஸ்தலத்தத் தாண்டி வாத்தைச் சேவிக்கப் போறேளே."

வேணியும் மாமி கட்சியில் சேர்ந்தார். கொஞ்ச நேரம்தானே, நிறுத்தினால்தான் என்ன என்றார். முருகானந்தம் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, மாமியிடம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "இத்தனை வருஷம் இவளை ஏரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன் மாமி. ஒரு தடவைகூட இவ வாத்தைப் பாத்ததில்லையாம். நாளைக்கு ஊருக்குப் போறா."

மாமி வேணியைப் பார்த்தார். முருகானந்தத்தைப் பார்த்தார். பின்பக்கம் மறைந்துகொண்டிருந்த கோபுரத்தை நோக்கிக் கைகூப்பிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டார்.

அந்த வேனின் சரித்திரத்தில் முதல்முறையாகச் சூரியன் எழும்போது ஏரி வந்தது. தண்ணீர் மேல் பனி புகைந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து, கூட்டமாகப் பேசுகிற ஓசை. வாத்துகள் கரைக்குப் பக்கத்திலேயே இருந்தன. முருகானந்தம், வேணி இறங்கட்டும் என்று திரும்பினார்.

வேணி இறங்கியிருந்தார். கையில் புளிசோற்று அண்டாவின் ஒரு காதோடு.

அப்போதுதான் முருகானந்தத்துக்குத் தன் திட்டத்தின் ஓட்டை புரிந்தது. லால்குடியில் நிற்காத வேனில் எல்லா வயிறும் காலியாகத்தான் வரும். பறவை பார்க்க வந்தவர்கள் பறவைக்கு முதுகைக் காட்டி அண்டாவைச் சூழ்ந்துகொண்டார்கள். டூட்டி முடிந்து நேராக வந்திருந்த ஜாஸ்லின், அக்கா, எனக்கு மட்டும் முதல்ல என்றார். வேணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மூடியைத் திறந்தார். ஏரி அவர் முதுகுப் பக்கம் இருந்தது.

"வேணி, அதை விட்டுட்டு வா" என்றார் முருகானந்தம்.

"பசியோட நிக்கிறாங்க. எப்படிங்க விட்டுட்டு வர்றது?"

"வெயில் ஏறினா அது போயிடும்."

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. நான் பின்னாடியே வரேன்."

ஸ்கூட்டர் காலத்திலும் இதே வாக்கியம்தான். அப்போது அவர் போனார். இப்போது போகவில்லை. வேணியின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினார். தன் கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். வேணி திகைத்துப்போய், தனக்கு எது வாத்து எது கொக்கென்றே தெரியாதே என்றார்.

"தலையில ரெண்டு கறுப்புப் பட்டை. மாமி, நீங்க கூடப் போங்க."

வெளியில் கை நனைக்காத மாமி அந்தக் கூட்டத்திலேயே ஓய்வாக இருந்த ஒரே ஆள். இருவரும் கரையில் பறவை பார்க்கக் கட்டியிருந்த காவல் கோபுரப் படியில் ஏறினார்கள். கீழே முருகானந்தம் பரிமாறினார். பெயின்ட் அடித்த கைக்குப் புளிசோறு படியவில்லை. ஒருத்தருக்கு மலையாக விழுந்தது, அடுத்தவருக்குத் தடவினாற்போல விழுந்தது. எனக்குக் கடலையே வரலை அண்ணே என்று ஒரு குரல். மேலே மாமி சத்தமாக விளக்கிக்கொண்டிருந்தது கீழே எல்லாருக்கும் கேட்டது. நெற்றி வெள்ளையாக நீந்திக்கொண்டிருந்த நாமக்கோழியைப் பார்த்துவிட்டு, "பாதம் வெச்ச தென்கலை நாமம் வேணி, நம்மடவாதான்" என்று தீர்ப்புச் சொன்னார். அதற்குப் பின் பேச்சு நின்றது.

முருகானந்தம் அண்ணாந்து பார்த்தார். கைப்பிடிச் சுவருக்கு மேல் புடவைத் தலைப்பு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அந்த முகத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் இத்தனை ஏற்பாடும். அடுத்த தட்டு நீண்டது. சோறு வைத்தார்.

பனி விலகி வெயில் சுள்ளென்று விழுந்தபோது வாத்துக் கூட்டம் மொத்தமும் எழும்பி, கரை மேலாக ஒரு வட்டம் அடித்து, நடு ஏரிக்குப் போயிற்று. தலைக்கு மேல் அந்தச் சத்தம் போனபோது முருகானந்தம் நிமிரவில்லை. அண்டாவில் அடி தட்டிக்கொண்டிருந்தது.

வேணி இறங்கி வந்தார். பாத்தியா என்றார் இவர். பாத்தேன் என்றார் அவர். எப்படி இருந்தது என்று கேட்பதற்குள் அவரே சொன்னார்.

"அழகுன்னு மட்டுந்தான் சொன்னீங்க. ஓயாம பேசிக்கிட்டே இருக்கும்னு சொல்லவே இல்லையே."

பிறகு அண்டாவை எட்டிப் பார்த்து, "எல்லாருக்கும் வெச்சீங்க, உங்களுக்கு வெச்சுக்கலியா?" என்று அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக் கொடுத்தார். முருகானந்தம் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

திரும்பும் வழியில் வேன் சொன்னபடி அன்பிலில் நின்றது. நடை சாத்தியிருந்தது. மாலையில்தான் திறக்கும். எல்லாருக்கும் வீடு போகிற அவசரம். மாமி சாத்திய கதவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து சீட்டில் உட்கார்ந்தார். முருகானந்தம் வரும் வாரமே பஸ் பிடித்து வந்து சேவித்துவிடுவதாகச் சொன்னார்.

"தனியா வந்தாச் செல்லாது. யாருக்காகத் தாண்டினேளோ, அவளையும் அழைச்சுண்டு தம்பதியா வந்து சேவிக்கணும்" என்றார் மாமி. வேணி தலையை ஆட்டினார். அடுத்த தடவை வரும்போது என்றார்.

திங்கட்கிழமை ரயில் சரியான நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. அதன் பின் சின்னவனுக்கு அம்மை, பெரியவனுக்கு ஸ்கூல் அட்மிஷன், மருமகனுக்கு இடமாற்றம் என்று ஒன்று மாற்றி ஒன்று. ஐப்பசி வந்து, மழை வந்து, ஏரி நிறைந்து, வேனும் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. பழையபடி லால்குடியில் காபி, அன்பிலில் பெருமாள். மைக்கில் கதை மட்டும் சுருங்கிவிட்டது. "எங்க வீட்டம்மா பாத்தாங்க. நான் சோறு போட்டுக்கிட்டிருந்தேன்" என்பதோடு முடித்துக்கொள்கிறார்.

அன்பிலில் எல்லாரும் இறங்கிப் போனபின் முருகானந்தம் வேனிலேயே உட்கார்ந்திருக்கிறார். போன ஞாயிறு மருதை உள்ளே போய்விட்டு வந்து, இலையில் மடித்த துளசியை ஜன்னல் வழியாக நீட்டினார்.

"இருக்கட்டும்ப்பா" என்றார் முருகானந்தம். "வேணி பொங்கலுக்கு வரேன்னிருக்கா. வந்தாதான் தெரியும்."