சிறப்பு விருந்தினர்: ஷர்மிளா பானு, கட்டுமாவடி

ஞாயித்துக்கெழம காலைல 8.40. திருச்சில புதுக்கோட்டை பஸ் ஏறும்போது நான் செம குஷில இருந்தேன். இத மொதல்லயே சொல்லிக்கிறேன். ஏன்னா இதுக்கப்புறம் குஷிங்கற வார்த்தைக்கு இங்க வேலையில்ல.

டிக்கெட் நாப்பத்தஞ்சு ரூவா. தூரம் அம்பத்தி மூணு கிலோமீட்டர். கீரனூர் தாண்டி நார்த்தாமலை பக்கம் வந்தா மொட்டப் பாறையா வரிசைகட்டி நிக்கும். வெயில் ஏற ஏற பாத்தா கண்ணு கூசும். பக்கத்து சீட்டுக்காரர் வாயத் தொறந்து தூங்கிட்டு வந்தாரு. எனக்கு காதுல ஹெட்போன், அதுல அன்னைக்குக் கச்சேரில வாசிக்கப்போற ஆல்பம், இருநூறாவது தடவையோ என்னமோ.

எதுக்குப் போறேன்னு சொல்லிடுறேன். திருச்சில ‘ரிவைண்ட் பட்டறை’ன்னு ஒரு பேண்டு இருக்கு. நாலு பேரு. சினிமாப் பாட்டு கெடையாது. எழுபதுகள்ல வந்த இங்கிலீஷ் ராக் ஆல்பம் ஒண்ண எடுத்துக்குவாங்க. மொதப் பாட்டுலேருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் அதே வரிசைல, அதே மாதிரி, மேடைல வாசிப்பாங்க. வாசிக்கிறதுதான் இவங்க, பாடுறதுக்கு வெளியாளக் கூப்பிடுவாங்க. பாட்டுக்கு ஒரு ஆளு. லீடர் ஜெரால்டு, கித்தாரு. எனக்கு காலேஜ் சீனியர். நான் அவங்களுக்கு சம்பளம் இல்லாத பிஆர்ஓ. போஸ்டர் மேட்டர், தமிழ் டைப்பிங், பேஸ்புக் எல்லாம் நாந்தான்.

அன்னைக்கு ஷோ எங்க தெரியுமா? அன்னவாசல் பக்கத்துல புதுசாக் கட்டுன ஒரு மஹால்ல. சிரிக்காதீங்க. மஹால் ஓனர் மாணிக்கம் சிங்கப்பூர்ல பதினெட்டு வருஷம் கிரேன் ஓட்டுனவரு. அங்க ஒரு பழைய சாமான் கடைல இந்த ஆல்பத்தோட சிடிய வாங்கி, லீவு நாளெல்லாம் அதையே கேட்டுட்டுக் கெடந்துருக்காரு. மண்டபம் தெறக்குற அன்னைக்கு மொதச் சத்தமே இதுவாத்தான் இருக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னு ஜெரால்ட புடிச்சிருக்காரு.

10.15. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு. டீக்கடை பக்கம் ஷர்மி நின்னுட்டு இருந்தா. ஷர்மிளா பானு, என் கிளாஸ்மேட். கட்டுமாவடி. அங்க கடக்கரைல அவ அத்தா மீன் ஏலம் எடுக்குறவரு. காலைல ஆறரைக்குக் கெளம்பி, அறந்தாங்கில மாறி, ரெண்டு பஸ்ஸு புடிச்சு அறுபது கிலோமீட்டருக்கு மேல வந்துருக்கா.

“லேட்டுடா எரும.”

“கீரனூர்ல நிறுத்திட்டாங்கடி.”

“தொண்டைக்காக ஒரு மணிநேரமா யாருகிட்டயும் பேசல. டீக்கடைக்காரரு ஊமப் புள்ளன்னு நெனச்சு காசு வேணாங்கிறாரு.”

அவளுக்குக் குடுத்தது கடைசிப் பாட்டு. ஆல்பத்துலயே பெரிய பாட்டு அதுதான். அதுல கடைசி ரெண்டு நிமிஷம் வார்த்தையே கெடையாது. வெறும் தொண்டைதான். கீழேருந்து ஆரம்பிச்சு ஏறிக்கிட்டே போவணும். மூணு மாசமா ஊருல ஐஸ் கம்பெனிக்குள்ள போயிப் போயி ப்ராக்டிஸ் பண்ணிருக்கா. அங்க மிஷின் சத்தத்துல என்ன கத்துனாலும் வெளிய கேக்காதாம். “இன்னைக்கு அன்னவாசல்ல பாடிக் காட்டு, அடுத்த மாசம் பெங்களூர் ஷோவுக்கு நீதான்”னு ஜெரால்டு வாக்குக் குடுத்திருந்தான். அறந்தாங்கி மெடிக்கல் ஷாப்புல பில்லு போடுற புள்ளைக்கு பெங்களூர் மேடைன்னா என்னன்னு நான் வெளக்கத் தேவையில்ல.

11.05. அன்னவாசல் டவுன் பஸ். அவளுக்கு ப்ரீ, எனக்கு பதினஞ்சு ரூவா.

“எங்கப்பா போறீங்க?”ன்னாரு கண்டக்டர்.

“புது மஹாலுக்குண்ணே. ராக் ப்ரோக்ராம்.”

“ராக்குன்னா?”

“பாறைதாண்ணே”ன்னா ஷர்மி.

“அதுக்கு எதுக்கு மஹாலு? சித்தன்னவாசல் விலக்குல எறங்கிக்கங்க. மலை பூரா ராக்குதான்.”

பஸ்ஸே சிரிச்சுச்சு. அவளும் சிரிச்சா. அன்னைக்கு அவ சிரிச்சது அதுவும் அதுக்கப்புறம் ஒண்ணும்தான்.

11.50. அன்னவாசலுக்கு ரெண்டு கிலோமீட்டர் முன்னாடியே ரோட்டோரம் மஹால். பெயிண்டு வாடை போகல. வாசல்ல இருவது அடி பிளெக்ஸ். மேல மாணிக்கம் குடும்பம் மொத்தமும் கைகூப்பிக்கிட்டு. கீழ ‘இசை: ரிவைண்ட் பட்டறை’. அதுக்கும் கீழ ‘பாடுபவர்கள்’னு ஏழு பேரு. அதுக்கெல்லாம் மேல, தனியா, செவப்பு எழுத்துல:

சிறப்பு விருந்தினர்: செல்வி ஷர்மிளா பானு, கட்டுமாவடி.

அந்த வரிய டைப் அடிச்சது நான்.

நடந்தது இதுதான். ஜெரால்டு லிஸ்ட்ட இங்கிலீஷ்ல அனுப்பிருந்தான். வேன்ல கூட வர்ற ஏழு பேரையும் ‘சிங்கர்ஸ்’னு போட்டுட்டு, தனியா வர்ற ஷர்மிக்கு மட்டும் ‘கெஸ்ட்’னு போட்டிருந்தான். நான் அத பஸ்ல நின்னுக்கிட்டே ஒரு கையால தமிழ்ல அடிச்சேன். கெஸ்ட்டுன்னா விருந்தினர். வெறும் விருந்தினர்னா மொட்டையா இருக்கேன்னு முன்னாடி ‘சிறப்பு’ சேத்தேன். திரும்பப் படிக்கல. அப்புடியே மஹால் நம்பருக்கு அனுப்பிட்டேன்.

“டேய், என்னடா இது?”ன்னா ஷர்மி.

“பிளெக்ஸ் கடைக்காரன் சொதப்பிட்டான் போல”ன்னேன். யோசிக்கவே இல்ல, வாய்ல வந்துருச்சு.

“சீப் கெஸ்ட்டாடா நானு!” விழுந்து விழுந்து சிரிச்சா. பிளெக்ஸுக்குக் கீழ நின்னு போட்டோ எடுத்துக்கிட்டா. அதுதான் ரெண்டாவது சிரிப்பு.

அந்த நிமிஷமே சொல்லிருக்கணும். உள்ள போயி “இது என் தப்பு, இவங்க பாட வந்தவங்க”ன்னு ஒரு வார்த்தை. அவ்ளோதான். சொல்லல. சொன்னா என்னைய ஓட்டுவாங்களேன்னு இருந்துட்டேன்.

12.30. மேடைய நடத்துனது மாணிக்கம் இல்ல, அவரோட மச்சான். வெள்ளை வேட்டி, பாக்கெட்டுல மூணு பேனா. கைல மைக்கு இல்லாம நான் அவரப் பாக்கவே இல்ல. ஷர்மியப் பாத்ததும் எந்திரிச்சு நின்னு கும்புட்டாரு.

“வாங்கம்மா, வாங்க. பஸ்லயா வந்தீங்க? சொல்லிருந்தா கார் அனுப்பிருப்போம்ல. இங்கிட்டு வாங்க, ஏசி ரூம்ல உக்காருங்க.”

“இல்லங்க, நான் மைக்கு டெஸ்ட்டு பண்ணணும்.”

“அதெல்லாம் பயலுக பாத்துக்குவாய்ங்கம்மா. நீங்க எளநி சாப்புடுங்க.”

நான் ஜெரால்டத் தேடிப் போயி வெவரத்த சொன்னேன். என் தப்பு மட்டும் சொல்லல. அவன் கித்தார்ல கம்பி மாத்திக்கிட்டே நிமிந்து பாக்காம சொன்னான்: “விடு மாப்ள, இவய்ங்களுக்குப் புரிய வைக்க முடியாது. கடைசிப் பாட்டுக்கு நான் கூப்புடுறேன்.” நானும் விட்டுட்டேன். எனக்கும் அதான் வசதியா இருந்துச்சு.

3.10. ஆரம்பிச்சாங்க. எப்புடி? ஷர்மிய மேடைக்குக் கூப்புட்டு, குத்துவிளக்கு ஏத்தச் சொல்லி, பொன்னாடை போத்தி, நடராஜர் செலை ஒண்ணக் குடுத்து, “நாலு வார்த்தை பேசுங்கம்மா”ன்னு மைக்க நீட்டிட்டாங்க. முந்நூறு சேரு, முக்காவாசி நெறஞ்சிருக்கு. அவ என்னையப் பாத்தா. நான் செருப்பப் பாத்தேன்.

“எல்லாருக்கும் வணக்கம். நான் பாட வந்திருக்கேன்”ன்னா.

கூட்டம் கைதட்டுச்சு. மச்சான் மைக்க வாங்கி, “பாட்டும் பாடுவாங்களாம், எவ்ளோ எளிமையானவங்க பாருங்க!”ன்னு சொல்லிட்டு, மொத வரிசைல போட்டிருந்த வெல்வெட் சோபால கொண்டுபோயி உக்கார வெச்சுட்டாரு.

3.40லேருந்து கச்சேரி. ஒண்ணு சொல்லணும், ஜெரால்டு பயலுக வாசிச்சது தரம். மொதப் பாட்டு பாடுனவரு ரிட்டயர்டு ரயில்வேக்காரரு. கண்ண மூடிட்டுக் கேட்டா சிடி ஓடுற மாதிரி இருந்துச்சு. மூணாவது பாட்டுக்கு ஒரு நர்சிங் காலேஜ் புள்ள. பின்னாடி வரிசைல ஒரு அக்கா, “மைக்கு சரியில்ல போல, பாவம் கத்துது”ன்னுச்சு. வாண்டுக மேடைக்குக் கீழ ஆடுச்சுக. பந்தி ஹால்லேருந்து பிரியாணி வாசம். ஒவ்வொரு பாட்டுக்கு நடுவுலயும் மச்சான் மைக்க எடுத்து மொய் எழுதுற எடம், கார் பார்க்கிங், தொலஞ்சுபோன ஒரு குழந்தைன்னு அறிவிப்பு குடுத்தாரு. ஆல்பத்துல பாட்டுக்குப் பாட்டு கேப்பே கெடையாது. மாணிக்கம் மட்டும் தூணுல சாஞ்சு நின்னு ஒவ்வொரு வரிக்கும் வாயசச்சிட்டு இருந்தாரு.

5.25. எட்டாவது பாட்டு. கடைசி. ஜெரால்டு கித்தார் ஆரம்பத்த எடுத்தான். ஷர்மி பொன்னாடைய மடிச்சு சோபால வெச்சுட்டு எந்திரிச்சா. மேடைப்படில காலு வெக்கல, மச்சான் குறுக்க வந்துட்டாரு.

“உக்காருங்கம்மா. என்ன வேணும்?”

“என் பாட்டுங்க இது.”

“அட, பாட்டுக்காரங்க பாடுவாங்க. ஒங்கள மேடைல கௌரவிச்சுட்டு, திரும்ப ஏத்தி பாடச் சொன்னா எங்களுக்கு அசிங்கம்மா. நாளைக்கு யாராச்சும் கேக்க மாட்டாங்க?”

நான் ஓடிப் போனேன். “அண்ணே, இவங்க சீப் கெஸ்ட்டு இல்லண்ணே. கெஸ்ட்டு சிங்கர். தப்பா அச்சடிச்சிட்டாங்க.”

“யாரு தப்பா அடிச்சா?” மச்சானுக்கு முறுக்கேறிருச்சு. போன எடுத்து வாட்ஸாப்ப தொறந்து ஷர்மி மூஞ்சிக்கு முன்னாடி நீட்டுனாரு. “இந்தா பாருங்க. இந்தத் தம்பி அனுப்புனது. புள்ளி மாறாம அப்புடியேதான் போட்டிருக்கோம்.”

அவ அதப் படிச்சா. என்னையப் பாக்கல. மேடைல ஜெரால்டப் பாத்தா. ஜெரால்டு எங்க எல்லாரையும் பாத்தான். ரெண்டு தடவ அதே ஆரம்பத்த சுத்தி வாசிச்சான். அப்புறம் மைக்குகிட்ட போயி அவனே பாட ஆரம்பிச்சுட்டான்.

அஞ்சு நிமிஷம் பாடுனான். சுமாரு. வார்த்தை முடிஞ்சு அந்த எடம் வந்துச்சு. கித்தாரும் டிரம்ஸும் சுத்திச் சுத்தி ஏறுது, தொண்டைக்காகக் காத்துக்கிட்டு. ஜெரால்டால முடியாது, அது அவனுக்கே தெரியும். மைக்க விட்டு நவுந்தான். சும்மாதான மியூசிக்கு போவுதுன்னு மச்சான் ஏறி அந்த மைக்கப் புடிச்சாரு.

நன்றியுரை.

“இந்த இனிய விழாவுக்கு வருகை தந்த உற்றார் உறவினர்களுக்கு நன்றி. பந்தல் போட்டவங்களுக்கு நன்றி. சமையல் மாஸ்டருக்கு நன்றி. தொலைதூரம் பயணிச்சு வந்து விழாவச் சிறப்பிச்ச சிறப்பு விருந்தினர் செல்வி ஷர்மிளா பானு அவர்களுக்கு, நெஞ்சார்ந்த நன்றி!”

அவ உச்சத்துக்குப் போயிருக்க வேண்டிய எடத்துல அவ பேருதான் போச்சு. எல்லாரும் கைதட்டுனாங்க. அவ எந்திரிச்சு நின்னு கும்புட்டா. வேற என்ன பண்ணுவா?

6.00. பின்வாசல்ல வேன்ல சாமான் ஏத்திக்கிட்டு இருந்தாங்க.

“பெங்களூர்?”னு மட்டும் கேட்டா ஷர்மி.

ஜெரால்டு தலையச் சொறிஞ்சான். “நீ லைவ்ல பாடி நான் இன்னும் பாக்கலையே ஷர்மி. பெரிய மேடை. ரிஸ்க்கு. அடுத்த தடவ பாப்போம்.”

“அவள ஏத்தாம வுட்டது யாருடா?”ன்னேன்.

“அடிச்சது யாருடா?”ன்னான்.



கெளம்பும்போது மாணிக்கம் வாசல் வரைக்கும் வந்தாரு. கண்ணு செவந்திருந்துச்சு. “அந்தக் கடைசி ரெண்டு நிமிஷத்துக்காகத்தாம்மா இவ்ளோவும் பண்ணேன்”ன்னாரு. “யாரோ பாட வர்றாங்கன்னாங்க. வரல போல.”

ஷர்மி “சாப்பாடு நல்லா இருந்துச்சுங்க”ன்னா. நாங்க சாப்புடவே இல்ல.

6.35. திரும்ப டவுன் பஸ். காலைல தொண்டைக்காகப் பேசாம இருந்தா. இப்ப எதுக்குன்னு எனக்குத் தெரியும். பதினேழு கிலோமீட்டர், ஒரு வார்த்தை இல்ல. சித்தன்னவாசல் விலக்குல ரெண்டு பேரு ஏறுனாங்க. பாறை இருட்டிக்கிட்டு வந்துச்சு.

7.15. புதுக்கோட்டை. அறந்தாங்கி பஸ் ஸ்டார்ட் பண்ணி நின்னுச்சு. அவ பையத் தொறந்து பொன்னாடைய எடுத்தா. ஜரிகை வெச்ச மெரூன் கலரு, பிளாஸ்டிக் வாடை. ஒதறி என் தோள்ல போத்துனா. ரெண்டு பக்கமும் இழுத்துச் சரி பண்ணா, மச்சான் பண்ண மாதிரியே.

“நாலு வார்த்தை பேசுங்க சார்”ன்னா.

நான் நின்னேன். ‘ஸாரிடி’ன்னு சொல்லலாம், அது ஒரு வார்த்தை. அதுவும் வரல.

“ஒனக்கும் வரல பாத்தியா”ன்னா. ஏறி உக்காந்துட்டா. பஸ் போயிருச்சு.

திருச்சி பஸ்ல பொன்னாடைய எடுக்கத் தோணல. “என்ன தம்பி, விழாவா?”ன்னாரு கண்டக்டர். ஆமாண்ணேன்னேன். அதே நாப்பத்தஞ்சு ரூவா. நார்த்தாமலைப் பக்கம் ஒண்ணும் தெரியல, கருப்புதான். திருச்சில வாராவாரம் ஏதாச்சும் கச்சேரி நடக்கும், போவேன், மொக்கைன்னு போஸ்ட் போடுவேன், அடுத்த வாரம் மறந்துருவேன். கட்டுமாவடில ஒரு ஐஸ் கம்பெனி இருக்கு, அங்க மட்டும் அந்த ரெண்டு நிமிஷம் சரியா நடந்திருக்கு. கேக்க ஆளில்ல. அவ இன்னும் போன எடுக்கல.

இத எழுதும்போது ஒரு வேல பண்ணேன். போன்ல டைமர் வெச்சு, ஒரு கையாலயே, அன்னைக்கு அடிச்சிருக்க வேண்டிய வரிய அடிச்சேன்.

விருந்தினர் பாடகி: ஷர்மிளா பானு, கட்டுமாவடி.

திரும்பப் படிச்சுப் பாத்ததையும் சேத்து, பதினாலு செகண்டு.