இஸ்திரிப் பெட்டி பட்ட மேசை

அவரை எல்லோரும் பாலிஷ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கோ பாலிஷ் டப்பாவைக் கண்டாலே ஆகாது. "மூஞ்சில அழுக்கு இருந்தா கழுவணும். அதுமேலயே பவுடர் அடிச்சா ஆச்சா?" என்பார்.

மரச்சாமான் கடை ஒன்றில் பதினொரு வருஷம் நாற்காலி துடைத்துக் கற்ற தொழில். இடுப்பு ஒத்துழைக்காமல் போனதும் கடையை விட்டுவிட்டு வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். பையில் பழைய பனியன் துணி, தேன்மெழுகு, தேய்ந்த பல் பிரஷ் இரண்டு, ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டி. எந்த வீட்டிலும் துணியை நனைக்கும் முன், "இது யார் புழங்குற சாமான்?" என்று கேட்பார். ஒரே ஒரு நாள்தான் கேட்காமல் கைவைத்தார்.

அன்று கூப்பிட்டவள் ஒரு வீட்டு மகள். கல்யாணமாகி வெளியூரில் இருப்பவள், இரண்டு நாள் வந்திருந்தாள். "அம்மாவை அண்ணன் அவன் வீட்டுலேர்ந்து வந்து கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கான். பன்னெண்டு மணிக்கு வந்துடுவாங்க. அதுக்குள்ள இந்த மேசை புதுசாயிடணும்க்கா. அம்மா அசந்துபோகணும்!"

ஜன்னலோரத்தில் எழுதும் மேசை. மெழுகு மட்டுமே பூசிய மெத்தென்ற மரம். சூடான டம்ளர் வைத்த வெள்ளை வளையம் ஒன்று. வலது பக்கம் பொடிப்பொடியாக நசுங்கல்கள்.

"அந்தக் கீறலையும் எடுத்துடுங்க," என்றாள் மகள்.

நசுங்கல்தானே, அக்காவுக்கு அது கைவந்த வேலை. ஈரத்துணியை மடித்துப் போட்டு, மேலே இஸ்திரிப் பெட்டியை மெல்ல வைத்து எடுத்தார். ஆவி பட்டதும் அமுங்கிய மரம் தண்ணீரைக் குடித்து மேலெழும்பியது. ஓரத்தில் ஒரு சாண் அகலம் கன்னம் போல வழவழப்பானது. அடுத்த இடத்துக்குத் துணியை நகர்த்தும்போது ஜன்னல் வெயில் சாய்வாக விழுந்தது.

அக்கா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிவிட்டார்.

கீறல் இல்லை. எழுத்து. யாரோ ஒற்றைத் தாளை வைத்து அழுத்தி அழுத்தி எழுதியதில், தாளுக்கு அடியில் மரத்தில் பதிந்த வரிகள்.

"ஏம்மா, இது யாரோட மேசை?"

"அப்பாவோடது. போன வருஷம்தான்..." மகள் முடிக்கவில்லை. "ஏன்க்கா?"

"அம்மா இதுல உக்காருவாங்களா?"

"தினமும். சும்மா கையால தடவிட்டே இருப்பாங்க. அவங்களுக்குத்தான் கண்ணு மங்கிடுச்சே..."

சொல்லிக்கொண்டே வந்தவளுக்குச் சட்டென்று உறைத்தது. குனிந்து பார்த்தாள்.

மணி பதினொன்று ஐம்பது.

"ஒரு ஆணியால மேல கீறி விட்டுடலாமாக்கா? அவங்களுக்குத் தெரியவா போகுது?"

"கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும்."

"அப்போ சொல்லாதீங்க. கெஞ்சிக் கேக்கிறேன். நாளைக்கு நான் ஊருக்குப் போயிடுவேன், தனியா இருக்கிறவங்க..."

வாசலில் கார் நின்றது. அண்ணன் அம்மாவை இறக்கிவிட்டு மருந்து வாங்கக் கிளம்பினான். அம்மா சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தார். "என்ன, வீடெல்லாம் மெழுகு வாசனை?" நேராக மேசையில் போய் உட்கார்ந்தார். கை எழுத்தின் இடது ஓரத்தில் தொடங்கி வரி வரியாக நகர்ந்தது.

மகள் அக்காவின் கையைப் பிடித்து அழுத்தினாள். விரல்கள் வழவழப்பை நெருங்கின. இன்னும் நாலு விரற்கடை.

"அம்மா, நிறுத்துங்க. வலது ஓரத்தை நான் இஸ்திரிப் பெட்டி வச்சு அழிச்சிட்டேன். தெரியாமப் பண்ணிட்டேன்."

கை நின்றது.

"எவ்வளவு?"

"ஒரு சாண்."

"கீழே கையெழுத்து?"

கேட்டுக்கொண்டே அம்மா தானே தேடினார். வழவழப்பில் அலைந்த விரல் கீழோரத்தில் தடுக்கி நின்றது. முன்னும் பின்னும் போய் வந்தது.

"பாதி இருக்கு," என்றார்.

மகள் வாய்விட்டு அழுதாள். "நான்தாம்மா செய்யச் சொன்னேன்."

"நீதான் சொல்லியிருப்பே. உங்கப்பா ஆபீசுக்கு எழுதின லீவு லெட்டர்டீ இது. கடும் காய்ச்சல்னு எழுதியிருக்கார். குத்துக்கல்லாட்டம் இருந்த மனுஷன்." சிரிக்கத்தான் பார்த்தார். பிறகு அக்கா இருந்த பக்கம் திரும்பினார். "காய்ச்சல் போயிடுச்சா?"

"இருக்கும்மா. ரெண்டாவது வரியில."

"அந்தப் பெட்டியை எடுத்து வெளியே வை. மெழுகு மட்டும் போடு. எழுத்துப் பள்ளம் அடைஞ்சிடக் கூடாது."

அக்கா நுனிவிரலில் மெழுகு தொட்டுப் பூசினார். எழுத்துக்குள் இறங்கியதைப் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக எடுத்தார். மெழுகு எடுத்த எழுத்தையெல்லாம் அம்மாவின் விரல் பின்னாலேயே வந்து தொட்டுப் பார்த்தது. எட்டு வரி முடிய இரண்டு மணி நேரமாயிற்று. கடைசியாகப் பாதிக் கையெழுத்து இருந்த ஓரத்துக்கு அக்கா துணியைக் கொண்டுபோனபோது அம்மா அதன் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

"இதுகிட்ட நீ வராதே. துணியைக் குடு, நான் துடைச்சுக்கிறேன்."