இடது தோளுக்கு அளவெடுத்த துப்பாக்கி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கரப்பான்பூச்சியை அடிக்கக்கூடக் கை வராது. நான் வேட்டைக்காரனும் இல்லை, வேட்டைக்காரன் பேரனும் இல்லை. துப்பாக்கி உரிமம் கொடுக்கிற அலுவலகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய குமாஸ்தா. "ரெட்டைக் குழல் ரைபிள், லண்டன் தயாரிப்பு, எண் இன்னது" என்று எத்தனையோ கோப்புகளில் எழுதியிருக்கிறேன். ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. ஓட்டலுக்குப் போய் மெனு கார்டை மட்டும் படித்துவிட்டு எழுந்து வருகிற மாதிரி ஓர் உத்தியோகம்.

ஓய்வு பெற்ற மறுவருஷமே மனைவி போய்விட்டாள். டெல்லியில் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்து முனிர்காவில் இரண்டு அறை எடுத்திருந்தோம். இப்போது ஒன்றே எனக்கு அதிகம். மகன் கனடாவில் இருக்கிறான். ஞாயிறன்று வீடியோவில் வந்து "அப்பா, சாப்டாச்சா?" என்பான். "ஆச்சுடா" என்பேன். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடாது. மற்ற நாட்களைப் பால், மருந்து, நடைப்பயிற்சி என்று எப்படியோ தள்ளிவிடலாம். இந்தச் சனிக்கிழமை இருக்கிறதே, அது நகரவே நகராது.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் மெட்ரோ ஏறிப் பழைய டெல்லிக்குப் போனேன். கோப்பில் வெறும் முகவரியாகத் தெரிந்திருந்த ஒரு துப்பாக்கிக் கடையைத் தேடிக் கண்டுபிடித்தேன். கடைக்காரர் என் வயசு சர்தார்ஜி. நான் யார் என்று சொன்னதும், "அரே! என் காகிதத்தை மூணு தடவை திருப்பி அனுப்பின மகராசன் நீதானா!" என்று ஹிந்தியில் கத்திவிட்டு, விழுந்து விழுந்து சிரித்து, டீ வரவழைத்தார். பிறகு உள்ளேபோய் ஒரு நீளமான தோல்பெட்டியைத் தூக்கிவந்தார்.

யாரோ ஒரு சமஸ்தானத்துக்காரர் வெள்ளைக்காரன் காலத்தில் லண்டனுக்கு எழுதிச் செய்வித்த பெரிய வேட்டை ரைபிள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழல். இரும்பின் கருநீலம் கைபட்ட இடத்தில் தேய்ந்து வெளுத்திருந்தது. விசைக்கு மேலே உள்ள பூட்டுத் தகட்டில் மெல்லிய கொடிக்கொடியாகச் செதுக்கல். தோளில் ஊன்றுகிற வால்நட் மரக் கட்டையில் கை பிடிக்கிற இடத்துக் கட்டம்போட்ட வேலைப்பாடு பாதி மழுங்கிப்போயிருந்தது. அடியில் ஒரு சின்னத் தங்கத் தகடு, அதில் யாருடைய முதலெழுத்துகளோ. இந்த மாதிரி ரைபிளை அந்தக் காலத்தில் தயாராக வாங்க முடியாதாம். சட்டைக்கு அளவெடுப்பதுபோல ஆளை நிற்கவைத்து, கை நீளம், கழுத்து, தோள், கன்னம் எல்லாம் அளந்துதான் கட்டையைச் செதுக்குவார்களாம். தூக்கித் தோளில் வைத்தால் கண் தானாகக் குறிக்கு நேரே போய் நிற்க வேண்டும். பாய்ந்து வருகிற மிருகத்துக்கு எதிரே நின்று கழுத்தைச் சாய்த்துத் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

சர்தார்ஜி அதை மடக்கித் திறந்து, குழல் இரண்டும் காலி என்று காட்டிவிட்டு என்னிடம் நீட்டினார். அதுதான் முறை. வாங்கி எல்லாரையும்போல வலது தோளில் வைத்தேன். கன்னத்தில் இடித்தது. குறியும் தெரியவில்லை, ஒரு மண்ணும் தெரியவில்லை.

"உல்டா" என்றார் சர்தார்ஜி. "செய்வித்தவன் இடதுகைக்காரன்."

தோளை மாற்றினேன். அப்பா! கட்டை வந்து கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணுக்கு நேரே குறி நின்றது. நான் எதுவுமே செய்யவில்லை.

நானும் பிறவி இடதுகைக்காரன். பலகையில் இடது கையால் எழுதியதற்கு அப்பா ஸ்கேலால் மணிக்கட்டிலேயே போடுவார். பள்ளிக்கூடத்தில் "பீச்சாங்கை" என்று பட்டப்பெயர். எழுத்தை வலது கைக்கு மாற்றினேன், சாப்பாட்டையும் மாற்றினேன், கையெழுத்து கோழி கிளறியது மாதிரி ஆனது. கல்யாணத்துக்குப் பிறகும் மறந்துபோய் இடது கை இலைக்குப் போய்விடும். மனைவி கரண்டியால் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டுவாள். "ஏங்க, இப்படியா மானத்த வாங்குவீங்க?" வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தாலும் தட்டுவாள். அறுபது தாண்டி, என்னைத் திருத்தாமல் அப்படியே ஏற்றுக்கொண்ட ஒரு பொருளை அன்றுதான் தொட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சர்தார்ஜி நாகரிகமாக டீக் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு சனிக்கிழமை தவறாமல் போனேன். ஒரு டீ, கொஞ்சம் எண்ணெய் போட்டுத் துடைக்கிற வேலை, ஐந்து நிமிஷம் இடது தோளில். மனைவி இருந்திருந்தால், "கரப்பானுக்கு அலர்ற ஆளுக்குப் புலி துப்பாக்கி கேக்குதோ?" என்று கேட்டிருப்பாள். கேட்க ஆள் இல்லை.

ஒருநாள் சர்தார்ஜி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார். ரைபிளை அவரிடம் பாதுகாப்பில் வைத்திருந்த குடும்பம் விற்கச் சொல்லிவிட்டதாம். ஒருவர் கேட்டிருக்கிறார், ஆனால் அவர் வலதுகைக்காரர், கட்டையை வளைத்துத் தரச் சொல்கிறார். "உனக்கு வேணும்னா ஜல்தி லைசன்ஸுக்கு எழுது. விலையை நாம் பேசிக்கொள்ளலாம்."

அன்றே விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று என்னைவிடத் தெரிந்தவன் டெல்லியில் உண்டா? "எதற்காகத் தேவை" என்ற கட்டத்தில் தற்காப்பு என்றோ விளையாட்டு என்றோ ஒரு வார்த்தை போட்டால் தீர்ந்தது. ஆனால் அந்தக் கட்டத்தில் முப்பது வருஷம் பொய்யாகப் படித்துப் படித்து எனக்கு வெறுத்துப்போயிருந்தது. ஒருவனாவது உண்மையை எழுதட்டுமே என்று ஒரு வீம்பு. "இடது தோளில் வைத்துப் பார்க்க" என்று எழுதினேன். இந்தக் கிறுக்குத்தனத்தை ஓய்வுபெற்ற குமாஸ்தாவைத் தவிர வேறு எவனும் செய்யமாட்டான்.

ஒரு மாதம் கழித்து, எனக்குக் கீழே வேலை பார்த்த திருநெல்வேலிக்காரப் பெண் கூப்பிட்டாள். இப்போது அவள்தான் அந்தப் பிரிவுக்கு அதிகாரி.

"என்ன சார் இப்படி எழுதிட்டீய? தற்காப்புன்னு ஒரு வார்த்த போட்டிருந்தா நான் பாத்துக்கிட மாட்டனா?"

"பொய் எழுதச் சொல்றியாம்மா?"

"பொய் என்ன சார், அது ஃபார்மாலிட்டி." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தனியா இருக்கீய, இந்த வயசுல துப்பாக்கி கேக்கீய. இங்க எல்லாரும் வேற மாதிரி நெனைக்காவ சார். நீங்க நல்லாத்தான இருக்கீய?" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். அந்த வருஷத்தில் அப்படி என்னைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

கடிதம் வந்தது. காட்டப்பட்ட காரணம் போதுமானதாக இல்லை. வேலையில் இருந்தபோது அந்த வாசகத்தை எழுதிக்கொடுத்தவனே நான்தான். ஒரு கமாகூட மாறவில்லை.

அடுத்த சனிக்கிழமை கடைக்குள் நுழைந்தபோது, நாற்பது வயசுக்காரர் ஒருவர் என் ரைபிளை வலது தோளில் வைத்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். சர்தார்ஜி அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: கட்டையில் சூடான எண்ணெய் ஊற்றி ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக வளைப்பார்கள், கன்னம் வைக்கிற மேட்டைச் சீவி எடுத்துவிடுவார்கள். எனக்கு வந்ததே கோபம்.

"அட பாவிங்களா! நல்லா இருக்கறத ஏன்யா வளைக்கிறீங்க?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

அவர் திரும்பினார். "அங்கிள், நீங்க தமிழா? நானும் தமிழ்தான், இங்க சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ்ல பொறந்தவன். இது லெஃப்டுக்குப் பண்ணினது அங்கிள், எனக்கு ஃபிட் ஆகல. குந்தாவ, இந்தக் கட்டைய, கொஞ்சம் சீதா பண்ணணும், அவ்ளோதான்."

எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பாவின் ஸ்கேல், கரண்டி, சனிக்கிழமை, விண்ணப்பம், ஒன்றைக்கூட விடவில்லை. நல்ல மனுஷன், குறுக்கே பேசவில்லை.

"அச்சா அங்கிள், நீங்களே சொல்லுங்க" என்றார். "வளைச்சா நான் டெய்லி எடுப்பேன். கார்ட்ரிட்ஜ் கெடச்சா ஷூட்டிங் ரேஞ்சுல சுடுவேன். வளைக்க வேணாம்னா, கண்ணாடி அல்மாரில வெச்சுப் பூட்டிடறேன். யாரும் தொட மாட்டாங்க. ப்ராமிஸ்."

நான் கேட்டது அதைத்தானே? பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால், யார் கையும் படாமல், அளவு மாறாமல். முனிர்காவில் என் அறை ஞாபகம் வந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் போனபிறகு என் தோளையும் யாரும் தொட்டதில்லை.

"வளைச்சுக்குங்க" என்றேன்.

"ஷ்யூரா அங்கிள்?"

"வளைச்சா வளைஞ்சுட்டுப் போகட்டும்பா. யாராவது தெனம் எடுக்கணும்."

கடைசியாக ஒருமுறை இடது தோளில் வைத்தேன். பிறகு மடக்கித் திறந்து, குழல் இரண்டும் காலி என்று காட்டி, சர்தார்ஜியிடம் கொடுக்காமல் வாங்கப்போகிறவர் கையிலேயே கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். ரசம் சாதம். வேண்டுமென்றே இடது கையால் பிசைந்தேன். அடி விழும் என்று மணிக்கட்டு பழக்கத்தில் கொஞ்சம் விலகிக்கொண்டது. கரண்டி விழவில்லை.