முதல் சொம்பு மேனேஜருக்கு

எனக்குப் பழிவாங்கும் குணம் உண்டு. சொல்வதில் வெட்கமில்லை. மறந்துவிடு, மன்னித்துவிடு என்று புத்தி சொல்ல வருகிறவர்களைப் பார்த்தால், இவர்களை இதுவரை யாரும் சரியாக அவமானப்படுத்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில், கேட் பாஸ் கவுன்டரில் எனக்கு வேலை. ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் உறுமிக்கொண்டு வரிசையில் நிற்கும். கண்ணாடியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத்தான் பேச வேண்டும். கத்தாவிட்டால் எதிரில் நிற்கும் டிரைவருக்கு ஒன்றும் கேட்காது. "யோவ், பேப்பர் எங்கய்யா? வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?" என்று நான் கத்துவேன். "இரு மேடம், இன்னாத்துக்கு சாமியாடுற?" என்று அவர் கத்துவார். இரண்டு பேரும் சிரிப்போம். வரிசை நகரும்.

புதிதாக வந்த மேனேஜருக்கு எனக்குப் பின்னால் ஏசி அறை. கண்ணாடிச் சுவர். அங்கிருந்து பார்த்தால் என் முதுகும் ஆட்டுகிற கையும் தெரியும். கதவைத் திறந்தால் குரல் கேட்கும். முகம் தெரியாது. அதனால் நான் நாள் முழுக்க யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருப்பதாக அவர் முடிவுகட்டிவிட்டார். எழுந்து வந்து ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் போதும். வரவில்லை.

அந்த சமயத்தில் ஷிஃப்ட் இன்சார்ஜ் இடம் காலியானது. அடுத்து நான்தான் என்று வாசல் செக்யூரிட்டியிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவன் தெருவெல்லாம் சொல்லிவிட்டான்.

மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. ஆனா ஆட்டிட்யூட்னு ஒண்ணு இருக்கு பாருங்க. நீங்க பேசறதே ஒரு மாதிரி இருக்கு. வீடு எங்க?"

"புளியந்தோப்பு சார். ஹவுசிங் போர்டு."

"ஓ," என்றார்.

அந்த 'ஓ'வைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. தேடிக்கொண்டிருந்த காரணம் கையில் கிடைத்துவிட்ட ஆளின் நிம்மதி அதில் இருந்தது. பதவி பக்கத்து சீட்டுக்காரருக்குப் போனது. நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் பேசுவது அவருக்கே கேட்காது. வரிசை எண்ணூர் ரோடு வரை நின்றால், "மேடம், நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று என்னிடம்தான் வருவார். வேலை எனக்கு, நாற்காலி அவருக்கு.

இதோடு போயிருந்தால் நானும் நாலு நாள் அழுதுவிட்டு விட்டிருப்பேனோ என்னவோ. அக்கவுன்ட்ஸ் பார்க்கும் அக்கா ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகச் சொன்னாள்: "உன்கிட்ட பாத்து பேசணும்னு மேனேஜர் எங்ககிட்ட சொன்னாரு, தெரியுமா? அந்த ஏரியாக்காரங்க ஆள் வெச்சு அடிப்பாங்களாம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னிடம் இருக்கும் ஒரே ஆள் என் அண்ணன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். உருவம்தான் மலை மாதிரி. ஊசி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போனால் என் கையைப் பிடித்துக்கொள்வான்.

அன்றிலிருந்து மேனேஜரிடம் நான் சத்தமாகப் பேசவில்லை. எது சொன்னாலும், "சரிங்க சார்." கொஞ்சம் சிரிப்பு, அவ்வளவுதான். நான் அடங்கிவிட்டேன் என்று அவர் சந்தோஷப்படுவார் என எதிர்பார்த்தேன். நடந்தது வேறு. காரை செக்யூரிட்டி கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்த ஆரம்பித்தார். நான் போனை எடுத்தால் நிமிர்ந்து பார்த்தார். "எத்தினி மணிக்கு கெளம்புவேன்னு அப்புறம் சொல்றேண்ணா" என்று நான் ஒருநாள் போனில் அண்ணனிடம் சொன்னதைக் கேட்டு, ஆள் வரப்போகிறது என்று பயந்து, மனிதர் அன்று சீக்கிரமாகவே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். கத்தினாலும் குற்றம், சிரித்தாலும் குற்றம். அவர் தலைக்குள் இருக்கும் என்னை அவரே தீனி போட்டு வளர்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஆடி வந்தது. எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை, மாதக் கடைசி என்பதால் யார்டில் எல்லோருக்கும் வேலை. மேனேஜரும் வந்தாக வேண்டும். அண்ணனிடம் சொன்னேன்: "யார்டுக்கும் கொஞ்சம் கூழு எடுத்தாண்ணா. மொத சொம்பு மேனேஜருக்கு. அவரு கூச்சப்படுவாரு, வுட்றாத."

"வுடுவனா?" என்றான். பாவம், அவனுக்கு வேறொன்றும் தெரியாது.

சொன்னபடி வந்தான். கூட தெருப் பையன்கள், பம்பைக்காரர் ஒருவர். எல்லோரும் மஞ்சள் வேட்டி, நெற்றி நிறையக் குங்குமம், கையில் காப்பு, வேப்பிலை. அண்ணன் காலையிலிருந்து அண்டா தூக்கி வியர்த்துப்போயிருந்தான். ஆட்டோவிலிருந்து குதித்து, அவன் பழக்கப்படி எட்டூருக்குக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தான்: "மேனேஜர் யாருபா? வெளிய வரச் சொல்லு!"

செக்யூரிட்டி உள்ளே போன் போட்டார். "சார், புளியந்தோப்புலேர்ந்து ஆளுங்க வந்துகீறாங்க. உங்களத்தான் கேக்குறாங்க."

மேனேஜர் எழுந்தார். ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோரையும் தாண்டி ஓடி, டாய்லெட்டுக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

நான் போய்க் கதவைத் தட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக நான் பேசியதே இல்லை. "வெளிய வாங்க சார். ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"போலீஸுக்கு போன் பண்ணிடுவேன்!" உள்ளிருந்து வந்த குரல் கீச்சென்று உடைந்தது. ஆபீஸ் முழுக்கக் கேட்டது. கவுன்டர் ஓட்டைக்கு வெளியே நின்ற டிரைவர்களுக்கும் கேட்டது.

அவசரப்படாமல் கொஞ்சம் நின்றேன். அந்த நேரத்தை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். பிறகுதான் சொன்னேன்: "கூழ் கொண்டாந்திருக்காங்க சார்."

வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் திறந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எதிரே அண்ணன், கையில் சொம்பு. "இன்னா சார், வயிறு பேஜாரா? ஆத்தா கூழு குடி, எல்லாம் சரியாப் பூடும்." மறுத்தால் ஏன் ஓடினார் என்று சொல்ல வேண்டியிருக்கும். குடித்தார். யார்டே நின்று பார்த்தது. சொம்பு காலியானதும் அண்ணன் திரும்ப ஊற்றினான், கருவாட்டுக் குழம்பும் நீட்டினான். அதையும் சாப்பிட்டார்.

கிளம்பும்போது அண்ணன் என்னிடம், "நல்ல மன்சன்மா. கைதான் இன்னாத்துக்கோ நடுங்கிகினே கீது, டாக்டராண்ட காட்டச் சொல்லு" என்றான்.

அடுத்த வாரம் மேனேஜர் என்னை அழைத்தார். உட்காரச் சொன்னார். "உங்க ஆட்டிட்யூட் இப்போ ரொம்ப மாறியிருக்கு" என்று மேஜையைப் பார்த்துக்கொண்டே சொல்லி, இன்சார்ஜ் வேலையை எனக்குக் கொடுத்தார். பக்கத்து சீட்டுக்காரர் விடுதலையாகிச் சந்தோஷமாக அக்கவுன்ட்ஸுக்குப் போனார்.

நான் சந்தோஷப்பட்டேனா? நாற்காலியில் உட்கார்ந்தபோது வந்தது ஆத்திரம்தான். தொண்டை கிழிய இத்தனை வருடம் வேலை பார்த்தேன், அதற்குக் கிடைக்கவில்லை. இல்லாத அடியாட்களுக்குக் கிடைத்தது. பயந்துபோய்த்தான் கொடுத்தார். என்னைக் கடைசி வரைக்கும் அவர் பார்க்கவே இல்லை. இதற்கு ஒரு சொம்பு கூழ் எந்த மூலைக்கு?

பிறகு அவர் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு மணலி பக்கம் இருக்கும் கிளைக்குப் போனார். எங்கே போனால் என்ன, எங்கள் டிரெய்லர்கள் அங்கேயும் போகின்றன. ஒவ்வொரு ஆடியிலும் ஒரு தூக்கில் கூழ் கொடுத்தனுப்புகிறேன். போன ஆடியில் எடுத்துப்போன டிரைவர் காலித் தூக்கைக் கவுன்டரில் வைத்தார்.

"உங்க பேரைச் சொன்னதும் அந்த சார் எழுந்து நின்னுக்கினாரு மேடம்."

"குடிச்சாரா?"

"ஒரு சொட்டு வைக்கல. மாறிப்போன மேனேஜரையும் ஞாபகம் வெச்சு அனுப்புறீங்களே, இன்னா மனசு மேடம் உங்களுக்கு!"

தூக்கை வாங்கிக் கழுவி வைத்தேன். அடுத்த ஆடிக்கு இதைவிடப் பெரியதாக ஒன்று வாங்க வேண்டும்.